கார் டிக்கியில் கேட்ட மெரிடியன்

போன மாதம் ராஜபாளையத்திலிருந்து என் சித்தி மகன் வாட்ஸாப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினான். ஒன்பது பக்கம். கீழே ஒரு வரி: "அண்ணே, ஒரு மியூசிக் கம்பெனி அக்ரிமென்ட் அனுப்பியிருக்காங்க. நாளைக்குள்ள கையெழுத்துக் கேக்குறாங்க. போட்டுரட்டுமா?"

அவன் பகலில் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறான், இரவில் ராப் எழுதுகிறான். பாட்டு நன்றாக இருக்கிறது. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. கூம்பு கூம்பாக நூல் சுற்றும் சத்தத்தை போனில் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்து ஒரு பாட்டு போட்டிருந்தான். மூன்று முறை கேட்டேன்.

"போடாதே, கூப்பிடுறேன்" என்று பதில் போட்டுவிட்டு, அன்று இரவு இரண்டு மணி நேரம் பேசினேன். பேசியதில் முக்கால்வாசி மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் என்ற ஊரைப் பற்றியும், அந்த ஊரிலிருந்து கிளம்பி வந்த பிக் கிரிட் என்ற ராப்பரைப் பற்றியும்தான். அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு பையனைப் பற்றியும் சொன்னேன். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். அவனைப் போல ஒன்பது பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் இன்னும் இருப்பார்கள்.

2009 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். ஊர் பெயர் ஸ்டார்க்வில். லேபில் என் பக்கத்து மேசையில் இருந்தவன் மெரிடியன்காரன். பெயர் சொல்ல அவனிடம் அனுமதி கேட்கவில்லை, ஆகவே மெரிடியன்காரன் என்றே எழுதுகிறேன். எலக்ட்ரிக்கல் படித்தான், மற்ற நேரமெல்லாம் லேப்டாப்பில் பீட், அதாவது ராப்புக்கான தாளமும் பின்னணி இசையும், செய்துகொண்டிருப்பான். எனக்கும் ஒலிப்பதிவில் ஆசை உண்டு. அப்படித்தான் பழக்கமானோம்.

2010 மே மாதம் ஒருநாள் லேபுக்கு ஓடி வந்தான். "எங்க ஊர்க்காரன் ஒருத்தன் போட்டிருக்கான், வா" என்று பார்க்கிங்குக்கு இழுத்துக்கொண்டு போனான். அவனிடம் ஒரு பழைய ஷெவர்லே இருந்தது. பின் கதவு வரை துருப்பிடித்த கார். ஆனால் டிக்கியைத் திறந்தால் 12 அங்குல சப்வூஃபர் இரண்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர், தடிதடியான வயர்கள். காரை விட அதற்குத்தான் அதிகம் செலவழித்திருந்தான். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் பழைய டவல் ஒன்றை மடித்துச் செருகி வைத்திருந்தான், இல்லாவிட்டால் பேஸ் அடிக்கும்போது தகரம் தனியாகச் சத்தம் போடும். பாட்டைப் போட்டான். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ரியர்வியூ மிர்ரர் நடுங்கியது. அதில் தெரிந்த பார்க்கிங் முழுவதும் தண்ணீரில் தெரிவதுபோல் கலங்கியது. எனக்கு வார்த்தை பாதி புரியவில்லை. நெஞ்செலும்புக்குள் புரிந்தது.

அந்தத் தொகுப்பின் பெயர் 'கிரிட் வாஸ் ஹியர்'. போட்டவர் ஜஸ்டின் ஸ்காட், 1986-இல் பிறந்தவர். பிக் கிரிட் என்பது மேடைப் பெயர். கிரிட் என்பது காலம் நினைவில் வைத்திருக்கும் ராஜா என்ற பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். மொத்தப் பாட்டுக்கும் பீட் அவரே செய்தது. இணையத்தில் இலவசம்.

இலவசமா என்று ஆச்சரியமாகக் கேட்டேன். "இது முதல் தடவை இல்லை. 2005-லேயே மிக்ஸ்டேப் போட ஆரம்பித்துவிட்டான். அஞ்சு வருஷமாக யாரும் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறார்கள்" என்றான் மெரிடியன்காரன்.

அந்த ஐந்து வருஷத்தை நான் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு 2010-இல் திடீரென்று ஒருவர் வந்ததுபோல் இருந்தது. உண்மையில் பீட் வாங்கக் காசில்லாததால் தானே செய்யக் கற்று, கற்றதை வெளியே விட்டு, யாரும் கண்டுகொள்ளாமல் போய், திரும்பச் செய்து, அட்லாண்டாவுக்குப் போய்ப் பிழைத்து, அதற்கெல்லாம் பிறகு வந்த 2010 அது. இந்த நீளத்தை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. இரண்டு வருஷத்தில் எதுவும் நடக்கவில்லை என்று என் தம்பி சோர்ந்து பேசியபோது இதைத்தான் முதலில் சொன்னேன்.

அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மெரிடியன்காரன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். 45-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மேக்கன், ஸ்கூபா என்று ஊர்கள். இரண்டு பக்கமும் பைன் மரம், இடையிடையே கெளுத்தி மீன் வளர்க்கும் குளங்கள்.

மெரிடியன் ரயிலால் பிறந்த ஊர். 1860-இல் இரண்டு ரயில் பாதைகள் சந்தித்த இடத்தில் உண்டானது. உள்நாட்டுப் போரில் 1864-இல் ஜெனரல் ஷெர்மனின் படை எரித்துத் தரைமட்டமாக்கியது. திரும்ப எழுந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசிசிப்பியிலேயே பெரிய நகரமாக இருந்திருக்கிறது. நான் பார்க்கும்போது அந்தப் பெருமை கட்டடங்களில் மட்டும் மிச்சமிருந்தது. ஊர் நடுவே த்ரீஃபுட் கட்டடம் என்று 16 மாடி. ட்ரைஃபஸ் என்ற ஜெர்மன் யூதக் குடும்பம் தங்கள் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் 'மூன்றடி' என்று மாற்றிக்கொண்டு கட்டியது. பெருமந்தக் காலத்தில் அவர்கள் கையை விட்டுப் போனது. 2010-இல் ஜன்னல் உடைந்து காலியாக நின்றது. இப்போது ஹோட்டலாகிவிட்டது. ஊரின் மக்கள் தொகை 2010-இல் 41,000 சொச்சம், 2020-இல் 35,000. வேலை தேடிப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மெரிடியன்காரனின் அம்மா, கோழி வெட்டிப் பேக் செய்யும் ஆலையில் இரவு ஷிப்ட். காலையில் திரும்பி வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு எங்களுக்குக் காலர்டு கீரை சமைத்தார். குளிர் அறையில் நின்று நின்று விரல்கள் மடங்கவில்லை. என் அப்பாவுக்கு மில் பஞ்சு மூச்சில் இருந்தது, இவருக்கு ஆலைக் குளிர் விரலில் இருந்தது.

ஊரைச் சுற்றிக் காட்டினான். 'கன்ட்ரி' இசையின் தந்தை என்று அமெரிக்கா கொண்டாடும் ஜிம்மி ராட்ஜர்ஸ் இந்த ஊர் ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்தவர். அவருக்கு ஒரு மியூசியம் இருக்கிறது. 1964-இல் வாக்குரிமைக்காக வேலை செய்து நெஷோபா மாவட்டத்தில் கொல்லப்பட்ட மூன்று இளைஞர்களில் ஜேம்ஸ் சேனி இந்த ஊர்ப் பிள்ளை. அவர் கல்லறைக்குப் போனோம். கல்லைத் தள்ளிச் சாய்த்துவிட்டுப் போகிறவர்கள் இருந்ததால் பின்னால் இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே இருவரும் எதுவும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து காரை நிறுத்தச் சொன்னேன். பீவி. சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழா மெல்லிசைக் குழுவின் மேடையில் கறுப்புப் பெட்டியில் மின்னல் மாதிரி எழுத்தில் பார்த்த அதே பெயர். ஹார்ட்லி பீவி 1965-இல் தொடங்கிய ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் கம்பெனி, தலைமையகம் மெரிடியன். எங்கள் தெருவில் நான் கேட்ட முதல் பெரிய சத்தம் இந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது. இதைச் சொன்னபோது மெரிடியன்காரனுக்குக் கண் விரிந்தது. அவன் அதை ஒரு பாட்டிலும் எழுதினான்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், பிக் கிரிட் செய்த முக்கியமான காரியம் இந்த ஊரை மறைக்காததுதான். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் ராப்பைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், தெற்கத்திக்காரன் என்றால் பட்டிக்காட்டான். 1995-இல் நியூயார்க்கில் ஒரு விருது விழாவில் அட்லாண்டாவின் ராப் ஜோடியான அவுட்காஸ்ட் மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டது. அவர்களில் ஆண்ட்ரே மைக்கைப் பிடித்து, தெற்குக்கும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்றார். டெக்சாஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஊரான போர்ட் ஆர்தரிலிருந்து வந்த யு.ஜி.கே. என்ற ராப் ஜோடியில் பிம்ப் சி தன் இசையை 'நாட்டுப்புற ராப்' என்றே சொல்லிக்கொண்டார். கிரிட் அந்த வழியில் வந்தவர். பாட்டி, சர்ச், பழைய கார், டிக்கியில் சப்வூஃபர், கையில் காசில்லாத மாதக் கடைசி, எல்லாம் அந்த ஊர் உச்சரிப்பிலேயே வரும். சப்வூஃபரைப் பற்றியே தொடர்ச்சியாகப் பாட்டு போட்டவர். அதைக் கேட்ட பிறகு மெரிடியன்காரன் அட்லாண்டா உச்சரிப்பில் பாடுவதை விட்டுவிட்டான்.

அந்த ஷெவர்லேதான் எங்கள் ஸ்டுடியோவின் கடைசி அறை. லேப்டாப்பில் மிக்ஸ் செய்வோம், சி.டி.யில் பதிவோம், காரில் போட்டு ஊரைச் சுற்றுவோம், திரும்பி வந்து திருத்துவோம். லேப்டாப் ஸ்பீக்கரில் கீழ் ஒலிகள் வராது. 50 ஹெர்ட்ஸில் கிடக்கும் 808 கிக், அதாவது 808 என்ற பழைய டிரம் மெஷினின் அடி ஒலி, அதில் கேட்காது. கேட்கவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போவோம், காரில் போட்டால் குரல் மூழ்கிவிடும். ஒரு பாட்டுக்கு பதினேழு சி.டி. பதிந்தது நினைவிருக்கிறது. அப்புறம்தான் சில விஷயம் பிடிபட்டது. கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் மோதக் கூடாது. ஒன்று அடிக்கும்போது மற்றது ஒதுங்க வேண்டும். பேஸை இரண்டு பக்கமும் பிரிக்காமல் நடுவிலேயே வைக்க வேண்டும். 808-க்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடுத்தால் ஹார்மானிக்குகள் என்ற மேல் ஒலிகள் எழும்பி, சின்ன போன் ஸ்பீக்கரிலும் பேஸ் இருப்பது காதுக்குத் தெரியும். இன்றைக்கும் யாராவது மிக்ஸ் அனுப்பினால், உன் பாட்டைக் கேட்கப் போகிறவர் எதில் கேட்பார் என்றுதான் முதலில் கேட்கிறேன். அதில் போட்டுப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது.

2011 மார்ச்சில் கிரிட்டின் 'ரிட்டர்ன் ஆஃப் ஃபாரெவர்' வந்தது. அதுவும் இலவசம். அதற்குள் அவர் டெஃப் ஜாம் என்ற பெரிய ராப் கம்பெனியில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனாலும் இலவசமாகக் கொடுப்பதை நிறுத்தவில்லை. அதே வேகத்தில் மெரிடியன்காரன் தன் முதல் தொகுப்பை அந்தக் கோடையில் விட்டான். 300 சி.டி. பதிந்து, மார்க்கரில் பெயர் எழுதி, மெரிடியனிலும் கொலம்பஸிலும் முடிதிருத்தும் கடை, கார் வாஷ், ஹைஸ்கூல் ஃபுட்பால் மைதான வாசல் என்று நின்று கொடுத்தோம். ஒரே ஒரு நிபந்தனை: வாங்குகிறவர் போன் நம்பர் தர வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டில் 212 நம்பர் சேர்ந்தது. மெரிடியனில் முதல் ஷோ போட்டபோது அவர்களில் அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவனே மெசேஜ் அனுப்பினான். அறுபது பேர் வந்தார்கள். நம்பர் குறைவாக வாங்கியிருந்த கொலம்பஸில் வந்தது பதினோரு பேர். ஒரு இணையதளம் இன்றைக்கு உன்னைக் காட்டும், நாளைக்குக் காட்டாது. நோட்டில் இருக்கும் நம்பர் உன்னுடையது. பாட்டைச் சும்மா கொடு, ஆனால் கேட்டவரைத் தொலைத்துவிடாதே என்று தம்பியிடம் சொன்னேன்.

சும்மா கொடுப்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அதில் நாங்கள் நன்றாக அடிபட்டோம்.

தொகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பாட்டு காஸ்பெல் என்ற சர்ச் பாட்டு வகையின் ஒரு பழைய ரெக்கார்டிலிருந்து எட்டு விநாடி சாம்பிளாக வெட்டிச் சுழற்றியது. ஒரு பெண்மணியின் குரல், பின்னால் ஹாம்மண்ட் ஆர்கன். 2012 தொடக்கத்தில் ஒரு சின்ன வீடியோ கம்பெனிக்காரர் கூப்பிட்டார். ஒரு கார் விற்பனைக் கடையின் விளம்பரத்துக்கு அந்தப் பாட்டு வேண்டும், 1,500 டாலர் தருகிறோம் என்றார். அந்த வயதில் அது எங்களுக்குப் பெரிய பணம். அடுத்த கேள்வி: "சாம்பிளுக்கு அனுமதி இருக்கிறதா?" இல்லை. ஓடி ஓடித் தேடினோம். அப்போதுதான் ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருப்பது உறைத்தது. மெட்டும் வரியும் ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு ஆளிடம் இருந்தன. ஒருவர் கேட்ட தொகையே 1,500-ஐத் தாண்டியது, இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. விளம்பரம் வேறு பாட்டோடு வந்தது.

அவன் அந்தப் பாட்டைச் சர்ச் ஆர்கனிஸ்டை வைத்து வாசித்துத் திரும்பப் பதிவு செய்யலாம் என்றான். அப்படிச் செய்தால் ஒலிப்பதிவு உரிமைப் பிரச்சினை தீரும், மெட்டுக்கு அனுமதி அப்போதும் வேண்டும். இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடைசியில் அந்த ஆர்கனிஸ்டையே புதிதாக ஒன்று வாசிக்கச் சொன்னோம். எழுபதை நெருங்கிய மனிதர். "எந்த ஸ்கேல்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் வாசித்தார். அதிலிருந்து ஆறு பாட்டு செய்தோம். வாசித்து முடித்த கையோடு ஒரு தாளில் எழுதினோம்: பாட்டின் பெயர், யார் என்ன செய்தார், யாருக்கு எத்தனை சதவீதம், தேதி, எல்லோர் கையெழுத்தும். ஒரே பக்கம்தான். அந்தப் பக்கம் இருந்ததால், அவர் இறந்த பிறகு அவர் மகளுக்குப் பங்கு போவதில் ஒரு குழப்பமும் வரவில்லை.

கிரிட்டுக்கும் இது பெரிய அளவில் நடந்ததுதான். அந்த இலவசத் தொகுப்புகள் பழைய சோல், ஃபங்க் ரெக்கார்டுகளின் சாம்பிள்களால் கட்டியவை. இலவசம் என்பதால் பரவின. ஆனால் அப்படியே விற்பனைக்கு வைக்க முடியாது. 'கிரிட் வாஸ் ஹியர்' முறைப்படி ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தது 2020-இல், பத்து வருஷம் கழித்து. நடுவில் அந்தப் பாட்டுகளைத் தேடிய எத்தனையோ பேரின் காசு யாருக்கும் போகவில்லை. ஆரம்பத்தில் சாம்பிளில் பழகுவது தப்பில்லை, அதில்தான் காது வளரும். ஆனால் உன் பெயர் நிற்க வேண்டிய பாட்டை உனக்குச் சொந்தமான ஒலியில் செய்துவிடு.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன்.

டெஃப் ஜாம் வழியாகக் கிரிட்டின் முதல் ஆல்பம் 'லைவ் ஃப்ரம் தி அண்டர்கிரவுண்ட்' வரும் வரும் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2012 ஜூனில்தான் வந்தது. காத்திருந்த நேரத்தில் மார்ச் மாதம் இன்னொரு இலவசத் தொகுப்பை விட்டார், கேட்பவர்கள் கையை விட்டுப் போகாமல். ஆல்பத்தில் பி.பி. கிங் பாடியிருந்தார்! மிசிசிப்பியின் ப்ளூஸ் கிழவரும் மிசிசிப்பியின் ராப்பரும் ஒரே பாட்டில். பில்போர்டு ஆல்பம் பட்டியலில் ஐந்தாம் இடம். 2014-இல் 'கேடிலாக்டிகா', அதுவும் ஐந்தாம் இடம். வானொலியில் ஓயாமல் ஓடும் ஒரு பெரிய ஹிட் மட்டும் அமையவில்லை, பெரிய கம்பெனிகள் எதிர்பார்ப்பதோ அதைத்தான். 2016-இல் டெஃப் ஜாமிலிருந்து வெளியே வந்தார்.

மெரிடியன்காரன் 2013-இல் ஒரு கம்பெனிக்குள் போனான். ஒரு பெரிய நகரத்திலிருந்து வந்த சின்னக் கம்பெனிக்காரர், ரெஸ்டாரன்ட் பார்க்கிங்கில் கார் பானட்டின் மேல் காகிதத்தை விரித்தார். 5,000 டாலர் அட்வான்ஸ். அவன் அம்மா அப்போது ஆலை வேலையை விட்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, சும்மா இருந்துவிட்டேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

பின்னால் படித்தபோது இருந்தது இது. ஐந்து ஆல்பம் கொடுக்க வேண்டும். எப்போது வெளியிடுவது என்பது கம்பெனி விருப்பம். பதிவுகள் நிரந்தரமாகக் கம்பெனிக்கு. மேடைப் பெயரும் கம்பெனிக்கு. ஸ்டுடியோ வாடகை, போட்டோ, வீடியோ, ஹோட்டல், எல்லாம் அவன் பங்கிலிருந்து கழியும். அட்வான்ஸ் என்பது சம்பளம் இல்லை, வருகிற பங்கில் பிடித்துக்கொள்ளும் கடன். கம்பெனி ஒரே ஒரு பாட்டை வெளியிட்டது. அப்புறம் மூன்று வருஷம் எதுவும் இல்லை. அவனாக எதுவும் வெளியிடவும் முடியாது. கலைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் உதவும் ஒரு வழக்கறிஞரிடம் போய், 600 டாலர் கொடுத்துக் கடிதம் எழுதி, ஒருவழியாக வெளியே வந்தான். மேடைப் பெயரையும் அந்தப் பாட்டையும் விட்டுவிட்டுத்தான் வர முடிந்தது. அந்த 600-ஐ கையெழுத்துக்கு முன்னால் செலவழித்திருக்கலாம்.

1996-இல் நியூ ஆர்லியன்ஸ் ராப்பர் மாஸ்டர் பி, பிரயாரிட்டி கம்பெனியோடு விநியோக ஒப்பந்தம் போட்டபோது, தன் பதிவுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை, பாட்டு இவருடையது. தெற்கில் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள், மெரிடியன்காரனும் எனக்குச் சொல்லியிருக்கிறான். தெரிந்திருந்தும் 5,000 டாலர் கண் முன்னால் இருந்தபோது நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் இரவோடு இரவாகக் கையெழுத்துக் கேட்கும் எந்த ஒப்பந்தத்துக்கும் முதல் பதில் "ஒரு வாரம் வேண்டும்" என்பதாக இருக்க வேண்டும். வாரம் கொடுக்க முடியாது என்றால் காகிதத்தில் என்ன இருக்கும் என்பதைப் படிக்காமலே ஊகிக்கலாம்.

கிரிட் வெளியே வந்த பிறகு மல்டி அலம்னை என்று சொந்த இசைக் கம்பெனி தொடங்கினார். 2017 அக்டோபரில் 'ஃபாரெவர் இஸ் எ மைட்டி லாங் டைம்' வந்தது. இரண்டு பாகம்: ஒன்று பிக் கிரிட் என்ற மேடை மனிதனுக்கு, இன்னொன்று ஜஸ்டின் ஸ்காட் என்ற வீட்டு மனிதனுக்கு. பெரிய கம்பெனி இல்லாமலே பில்போர்டில் முதல் பத்துக்குள் வந்தது. அப்போது நான் டென்னசியில் வேலையில் இருந்தேன். மெரிடியன்காரன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். லாரியை எங்கோ ஓரம் கட்டிவிட்டு இரண்டாம் பாகம் முழுவதும் போனை ஆன் செய்து வைத்தபடி இருவரும் கேட்டோம். நடுவில் ஒருமுறைகூடப் பேசவில்லை. முடிந்ததும், "சொந்தப் பெயரிலேயே பாடிவிடலாம் போலிருக்கிறது" என்றான். பாடினான். இப்போது மூன்று தொகுப்பு வெளியிட்டிருக்கிறான், முழுக்க அவனுடையது. லாரியும் ஓட்டுகிறான். மாதம் வருகிற தொகை வீட்டு வாடகைக்குப் போதாது, கார் இன்ஷூரன்ஸுக்குப் போதும். வந்துகொண்டே இருக்கிறது.

இனி தம்பியின் ஒன்பது பக்கம். அதில் நாலாம் பக்கத்தில் "பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. பாட்டு, வரி, மெட்டு, வீடியோ, குரல், எல்லாம். பதிலுக்கு 25,000 ரூபாய்.

அமெரிக்காவில் எழுதிக்கொடுத்த உரிமையை, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, 35 வருஷம் கழித்துத் திரும்பப் பெற ஒரு சட்ட வழி உண்டு. 'கூலிக்குச் செய்த வேலை' என்ற வகையில் வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். நம் நாட்டுச் சட்டத்தில் வேறு சில பாதுகாப்புகள் இருக்கின்றன. பலருக்குத் தெரிவதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றே பொருள். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவேதான் "என்றென்றைக்கும், பிரபஞ்சம் முழுவதும்" என்று அக்கறையாக எழுதுகிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. அந்தப் பணம் கைக்கு வர ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். தம்பி இரண்டும் செய்யவில்லை. அன்றிரவே விண்ணப்பத்தைத் திறக்க வைத்தேன். ஆனால் இது நான் படித்துத் தெரிந்துகொண்டது மட்டும்தான். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடு என்றும் சொன்னேன். மதுரையில் ஒருவரைப் பிடித்துக் காட்டினான்.

கம்பெனிக்குத் திருப்பி எழுதியது மூன்றே விஷயம். காலம் ஐந்து வருஷம். பதிவின் உரிமை தம்பியிடமே, கம்பெனிக்கு வெளியிடும் உரிமை மட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. எழுதி அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. ஒருமுறை போன் செய்து, "ஊர்ப் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுத்தா இப்படித்தான்" என்று சத்தம் போட்டார்களாம். அதற்குப் பிறகு பேச்சில்லை.

நேற்று தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். காலை முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் மினி பஸ். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நீல லைட் போட்ட சப்வூஃபர் பெட்டி. நூல் சுற்றும் அந்தப் பாட்டு ஓடுகிறது. ஜன்னல் கண்ணாடி பேஸுக்கு ஏற்றபடி கடகடக்கிறது. டிபன் கேரியரை மடியில் வைத்திருந்த ஒரு அக்கா, "இது நம்ம கோன் வைண்டிங் சத்தம்ல?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்கிறார். கீழே தம்பி எழுதியிருந்தான்: "அண்ணே, பேஸ் கொஞ்சம் ஜாஸ்தி. வாய்ஸ் அமுங்குது. திருப்பிப் போடணும்."

அந்தக் கண்ணாடிக்கு இடையில் காகிதத்தை மடித்துச் செருகிவிட்டு இன்னொரு முறை கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.